செல்லாக்காசும் செல்வமே

நுழையும்முன்

மனிதர் சேர்த்துவைக்கும் பொருள்களுள் நாணயம் தனித்தன்மை உடையது. செலவழிப்பதற்கென்றே பிறந்த அதைச் செலவழிக்காமல் பார்த்து மகிழ்வோரும் உள்ளனர். வழக்கொழிந்த ஒரு காசு என்ன விலை பெறும் என்னும் வினாவுக்கும், அது என்ன செய்தி சொல்லும் என்னும் வினாவுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடந்துபார்க்க அழைக்கிறது இக்கட்டுரை.

ஒரு வினா

சில ஆண்டுகளுக்குமுன் ஒருநாள் பாடவேளை முடிந்து வகுப்பறையைவிட்டு வெளியேறியபோது மாணவர் ஒருவர் என்னைப் பின்தொடர்ந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து சிறு காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே, நடுவில் வட்டத் துளையிட்ட செப்புநிறக் காசு ஒன்று இருந்தது. மறைந்த தம் பாட்டியின் சுருக்குப்பையில் அது கிடைத்ததாகச் சொன்னார். பிறகு, "ஐயா, இது எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.

"அதில் எந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வாரமாகக் கையில் வைத்திருந்தும் அந்த ஆண்டைப் படிக்க அவருக்குத் தோன்றவில்லை. விலையைத் தேடிக்கொண்டிருந்தவரின் கண்ணில் காசு படவேயில்லை.

அம்மாணவரை நான் குறை கூறமாட்டேன். பழைய காசு ஒன்றுக்கு இலட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று கூறும் காணொலிகள் அலைபேசியில் நாள்தோறும் வந்து விழுகின்றன. வீட்டின் பழைய பெட்டியில் ஒரு புதையல் உறங்குகிறது என்னும் கனவு யாருக்குத்தான் இனிக்காது? ஆயினும், பழைய நாணயங்களை முதலீடாகக் கருதாமல், கண்டும் கற்றும் மகிழ்வதற்குரியனவாகக் கருதிச் சேர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அறிவுக்கு அதுவே நன்று. பணப்பைக்கும் அதுவே நன்று. ஏன் என்பதைச் சான்றுகளோடு சொல்ல விரும்புகிறேன்.

பழையவை எல்லாம் அரியவை அல்ல

நாணயத்தின் சந்தை விலையை அதன் வயது மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை காசுகள் அச்சிடப்பட்டன, அவற்றுள் எத்தனை எஞ்சியுள்ளன, கையிலுள்ள காசு எவ்வளவு தேய்ந்துள்ளது, அதை விரும்பித் தேடுவோர் எத்தனை பேர் என்னும் நான்கும் சேர்ந்தே விலையாகின்றன. அந்த மாணவர் கொண்டுவந்த துளையிட்ட காசு கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டது. நம் வீடுகளில் பாட்டிமார் சேர்த்து வைத்தவற்றுள் பெரும்பாலானவை இத்தகையனவே. அவை பழையவை, ஆனால் அரியவை அல்ல.

இதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. 1808ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் பயன்பாட்டிற்காக 10 காசு, 20 காசு மதிப்புள்ள செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அச்சிட்டது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகிலேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. ஏறத்தாழ 175 ஆண்டுகள் கடலடியில் கிடந்த அக்காசுகள் 1980களில் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. இருநூறு ஆண்டு வயது, கப்பல் விபத்து, கடலடி வாழ்வு என இவ்வளவு கதை இருந்தும், மிகுதியாகக் கிடைத்தமையால் எளிய சேகரிப்பாளரும் வாங்கத்தக்க காசுகளாகவே அவை இன்றும் உள்ளன. கதையின் பெருமை விலையில் ஏறுவதில்லை.

முதலீட்டாளராக நாணயச் சந்தைக்குள் நுழைவோருக்கு வேறு இடர்களும் காத்திருக்கின்றன. வணிகர் விற்கும் விலை ஒன்று. அதே காசை அவர் திரும்ப வாங்கும் விலை வேறொன்று. அந்த இடைவெளியே அவருடைய பிழைப்பு, அதில் தவறில்லை. ஆனால் வாங்கிய மறுநாளே நம் பணத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது என்பதை நாம் உணர வேண்டும். வங்கியில் இட்ட பணம் வட்டி தரும். பெட்டியில் இட்ட காசு குட்டி போடாது. போலிக் காசுகளோ பெருகிக் கிடக்கின்றன. தேர்ந்த கண்ணுக்கே பிடிபடாத போலியைப் புதியவர் எவ்வாறு இனம்காண்பார்?

இவற்றைவிடக் கொடியது நேரடி மோசடி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தாய் ஒருவர் தம் வீட்டிலிருந்த பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைப் பெருவிலைக்கு விற்றுத் தருவதாகக் கூறிய குரலை நம்பினார். முதலில் பதிவுக் கட்டணம் என்றார்கள். பிறகு வரி என்றார்கள். அதன்பின் அனுப்பும் செலவு என்றார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் இவ்வாறு போயிற்று. அந்த ஐந்து ரூபாய் மட்டும் வீட்டிலேயே இருந்தது. இத்தகைய ஏமாற்று நாடெங்கும் பரவியமையால், 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழைய நாணயங்களையும் தாள்களையும் வாங்கி விற்கும் எவ்வகைச் செயலிலும் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும், தன் பெயரால் கட்டணம் வாங்க எவருக்கும் உரிமை வழங்கவில்லை என்றும் அவ்வங்கி தெளிவுபடுத்தியது. பேராசை கதவைத் திறந்துவைத்தால் திருடன் பூட்டை உடைக்க வேண்டியதில்லை.

துளையிட்ட காசு சொல்லும் போர்க்கதை

விலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் காசைப் பார்ப்போம். அம்மாணவரையும் அவ்வாறே பார்க்கச் சொன்னேன். காசின்மேல் 1944 என்று இருந்தது. நடுவில் துளை, துளைக்கு மேலே ஒரு மகுடம். மகுடத்தை அணிந்த மன்னரின் முகமோ அதில் இல்லை.

அக்காலம் இரண்டாம் உலகப்போர்க் காலம். பீரங்கிக் குண்டுகளின் உறைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு பெருமளவில் தேவைப்பட்டது. ஆனால் மக்களுக்குச் சில்லறையும் வேண்டும். எனவே, 1943இல் அரசு காலணாவின் நடுவில் துளையிட்டது. அதற்கு முந்தைய காலணா ஏறத்தாழ 5 கிராம் எடையுடையது. துளையிட்டதோ ஏறத்தாழ 2 கிராம்தான். இவ்வாறு பிறந்ததே நம் முன்னோர் 'ஓட்டைக்காலணா' என்று அழைத்த காசு. நடுவில் துளை வந்தபின் மன்னர் முகத்துக்கு இடமேது? உலகின் பாதியை ஆண்டதாகச் சொல்லிக்கொண்ட பேரரசு, ஒரு சிறு காசில் தன் மன்னரின் முகத்தைவிடச் செம்பே பெரிது என்று கருதும் நிலைக்கு வந்தது. வரலாற்றுப் பாடத்தில் பல பக்கங்களில் படிக்கும் போர்க்கால நெருக்கடியை, அந்தப் பாட்டி தம் சுருக்குப்பையிலேயே முடிந்து வைத்திருந்திருக்கிறார்.

வெள்ளி ரூபாயும் இதே கதையை வேறொரு விதமாகச் சொல்கிறது. 1939 வரை ரூபாயில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் வெள்ளி இருந்தது. 1940 முதல் அது பாதியாகக் குறைந்தது. 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை; அது நிக்கலால் ஆனது. பெயரும் மதிப்பும் மாறாமலிருக்க, உள்ளிருந்த பொருள் மட்டும் மெல்ல மறைந்தது. பணவீக்கம் என்பது என்ன என்று பொருளியல் ஆசிரியர் விளக்கும்போது, இம்மூன்று ரூபாய்களையும் மேசைமேல் வைத்தால் போதும். பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆங்கில மன்னரின் முகமுள்ள காசுகளே நம் மக்களின் பைகளில் இருந்தன. 1950இல்தான் அசோகரின் சிங்கத்தூண் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. விடுதலை ஒரே இரவில் வந்தது. அது கைக்காசுக்கு வந்துசேரச் சிறிது காலம் பிடித்தது.

நாவில் வாழும் நாணயங்கள்

வழக்கொழிந்த நாணயங்கள் கடையில் செல்லாவிட்டாலும் மொழியில் செல்கின்றன. 'தம்பிடிகூடத் தரமாட்டேன்' என்கிறோம். 'சல்லிக்காசுக்குப் பெறாது' என்கிறோம். தம்பிடி எவ்வளவு என்று கேட்டால் இன்றைய இளையோர் திகைப்பர். 12 தம்பிடி சேர்ந்தது ஓரணா. 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று இக்கணக்கு மாறி, ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்னும் பதின்மமுறை நடைமுறைக்கு வந்தது. பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்தப் புதிய காசை 'நயா பைசா' என்றனர். 1964இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது.

ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்பது இடறலான கணக்கு. ஆனால் நாலணா என்பது சரியாக 25 பைசா. எட்டணா என்பது சரியாக 50 பைசா. அதனாலேயே அணா மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் நாலணாவும் எட்டணாவும் மக்கள் நாவில் நிலைத்தன. 2011 சூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவை ஆயின. உங்களுள் எவரும் நாலணா கொடுத்து மிட்டாய் வாங்கியிருக்கமாட்டீர்கள். எனக்கோ அது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.

சில காசுகள் கடல் கடந்தும் சொற்களைக் கொண்டு சென்றன, கொண்டும் வந்தன. 'துட்டு' என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல், ஒல்லாந்தரின் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது. மேலே சொன்ன மூழ்கிய கப்பலின் காசுகளில் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்று பொறித்திருந்தது. அது நம் 'காசு'தான். 'பணம்' என்னும் சிறு நாணயத்தை ஐரோப்பியர் 'ஃபணம்' என்று எழுதினர். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வெளியிட்ட கால் வராகன் வெள்ளி நாணயத்தில், ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும் மறுபுறம் திருமால் உருவமும் இருந்தன. மதிப்பு தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறிக்கப்பட்டிருந்தது. வணிகம் செய்ய வந்தவர் மக்கள் மொழிக்கு இறங்கிவந்தே தீரவேண்டும் என்பதற்கு அந்நாணயம் சான்று. நாணயம் அச்சிட்ட இடத்தின் நினைவு, சென்னையின் 'தங்கசாலை' என்னும் தெருப்பெயரில் இன்றும் வாழ்கிறது.

சிறு காசு, பெருஞ்சான்று

காசை விலைப்பொருளாக மட்டும் பார்த்தவர் அதை விற்றார். எழுத்தாகப் பார்த்தவர் வரலாற்றைத் திறந்தார். ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரம் ஆய்ந்தவர். ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் கரோஷ்டி எழுத்தும் கொண்ட இந்தோ-கிரேக்க மன்னர்களின் காசுகள், கரோஷ்டியைப் படிப்பதற்கு அவருக்குத் துணைநின்றன. 1837இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்து, அசோகரின் கல்வெட்டுகளை உலகுக்கு உரக்கப் படித்துக்காட்டியவரும் அவரே.

நம் மண்ணிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. நாளிதழ் ஆசிரியராகப் பணியாற்றிய இரா. கிருஷ்ணமூர்த்தி நாணயங்கள்மீது கொண்ட விருப்பத்தால் அவற்றைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார். 1980களில் அவர் ஆராய்ந்த சிறு செப்புக்காசு ஒன்றில் தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயர் இருந்தது. வழுதி என்பது பாண்டியரின் குடிப்பெயர்; சங்க இலக்கியத்தில் பயின்றுவரும் பெயர். பாடலில் மட்டும் வாழ்ந்த பெயர் காசிலும் தோன்றியதும், சங்க இலக்கியத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கியோரின் குரல் தளர்ந்தது. கரூர்ப் பகுதியில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் சேரருக்கும் அவ்வாறே சான்று நின்றன. அச்செப்புக்காசை எடைக்குப் போட்டிருந்தால் ஒரு தேநீர் விலைகூடக் கிடைத்திராது. ஆனால் ஒரு மொழியின் பழைமைக்கு அது சாட்சி சொன்னது.

1898இல் புதுக்கோட்டைக்கு அருகே கருக்காக்குறிச்சியில் உரோமானியப் பொற்காசுகள் 501 கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. அவை நாணயமாக அன்றிப் பொன்னாகவே மதிக்கப்பட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலாம் இராசராசனின் காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ளன. அதே வடிவத்தைப் பிற்காலத்தில் இலங்கை மன்னர்களும் தம் காசுகளில் பின்பற்றினர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனியர், இங்குப் புழங்குவதற்கெனத் தம் மன்னரின் முத்திரையோடு சிறு காசுகளை வெளியிட்டனர். இவை அனைத்தும் விலைப்பட்டியலில் ஓரிரு எண்களாக ஒடுங்கிவிடக் கூடியவை. பார்க்கத் தெரிந்தவருக்கோ கடலும் வணிகமும் ஆட்சியும் விரியும் சாளரங்கள்.

விற்பது குற்றமா?

"வயிறு நிறைந்தவருக்கு வரலாறு இனிக்கும், இல்லாதவர் பழைய காசை விற்றுப் பிழைத்தால் தவறா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு என் வாழ்விலிருந்தே விடை சொல்கிறேன்.

என் அப்பாயி பன்னிரண்டு வெள்ளி ரூபாய்களை ஒரு துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். நான் கல்வியியல் பட்டப்படிப்பில் சேர்ந்த ஆண்டு கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. அப்பாயி அம்முடிச்சை அவிழ்க்காமலேயே என் கையில் கொடுத்து, "படிச்சு வாடா" என்றார். நானும் அவிழ்க்காமலேயே கொண்டுபோய் வெள்ளிக்கடைத் தராசில் கொட்டினேன். கடைக்காரர் எடைபோட்டுப் பணம் தந்தார். அன்று மாலையே அவை உருக்கப்பட்டிருக்கும். அந்தப் பணத்தால் நான் ஆசிரியரானேன்.

அவற்றை விற்றதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அப்பாயி அவற்றைச் சேர்த்ததே அப்படி ஒரு நாளுக்காகத்தான். பார்க்காமல் விற்றதற்காகவே வருந்துகிறேன். தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் தராசில் மின்னியதைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் மார்பணியில் பொறித்த யானை, பன்றிபோல் தோன்றியதால் மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது என்றும், அரசு அதைத் திரும்பப் பெற்று மறு ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டது என்றும் பின்னாளில் படித்தேன். எங்கள் பன்னிரண்டில் ஒன்று அந்த 1911ஆக இருந்ததா? இனி அறிய வழியில்லை. அப்பாயி எந்த ரூபாயை எந்த ஆண்டின் அறுவடையில் சேர்த்தார் என்று கேட்டுவைக்கவும் நான் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய வாழ்க்கைக் கதையே கிடைத்திருக்கும். உருக்குலையில் போனது வெள்ளி; என் அறியாமையால் போனது அந்தக் கதை.

எனவே, என் கருத்து விற்பனைக்கு எதிரானது அன்று. தேவை வந்தால் விற்கலாம். ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதன் விலையை மட்டுமே கேட்கும் பழக்கத்துக்கு நாம் ஆட்பட வேண்டியதில்லை. காசில் தொடங்கும் அப்பழக்கம் காசோடு நிற்பதில்லை. பாட்டியின் பாத்திரத்துக்கு எவ்வளவு, தாத்தாவின் புத்தகத்துக்கு எவ்வளவு, கற்கும் பாடத்துக்கு எவ்வளவு என்று வளர்ந்துகொண்டே போகிறது. பயனைக் கருதாது ஒன்றை விரும்பத் தெரிந்த மனம், பிற எல்லாவற்றையும் நிதானமாக அளக்கவும் தெரிந்துகொள்கிறது.

மண்ணில் இருப்பது எவருடையது?

விலைநோக்கு தனிமனிதரை மட்டும் கெடுப்பதில்லை. பொதுச் சொத்தையும் கெடுக்கிறது. பழங்காசுக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் ஆற்றுப்படுகைகளையும் மேடுகளையும் கிளறுவோர் தோன்றுகின்றனர். அகழாய்வில் ஒரு காசு கிடைக்கும்போது அது எந்த மண்ணடுக்கில் இருந்தது, அருகில் எவ்வகைப் பானை ஓடு கிடந்தது, எந்த மணி கிடந்தது என்பனவெல்லாம் பதிவு செய்யப்படுகின்றன. அப்பதிவுகளே காலத்தைக் கணிக்க உதவுகின்றன. களவாகத் தோண்டியெடுத்த காசு, ஊரும் பேரும் இழந்து சந்தைக்கு வருகிறது. அதன் பொன் இருக்கும், சாட்சியம் இராது.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. நிலத்தை உழும்போதோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ காசுகள் கிடைத்தால், அவற்றைக் கிடைத்த நிலையிலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவிப்பதே முறை. நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் காசு என்பதோடு நேர்மை என்றும் பொருளுண்டு. நாணயம் சேர்ப்பவர் அவ்விரண்டாம் பொருளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றே தொடங்கலாம்

மகிழ்ச்சிக்காகச் சேர்ப்பதில் ஒரு பெருநன்மை உண்டு: அதற்குப் பணம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள சில்லறையைக் கொட்டி ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சிறு புள்ளி இருந்தால் அக்காசு நொய்டாவில் அச்சிட்டது. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. சாய்சதுரம் இருந்தால் மும்பை. குறியேதும் இல்லையெனில் கொல்கத்தா. நம் நாட்டின் நான்கு நாணயச்சாலைகளும் உங்கள் உள்ளங்கையில் அமைந்துவிடும்.

ஏதேனும் ஒரு பொருளை மையமாகக் கொண்டும் சேர்க்கலாம். 1964இல் நேரு நினைவாக வெளியிட்டதே விடுதலை இந்தியாவின் முதல் நினைவு நாணயம். 1995இல் தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் வந்தன. 2003இல் காமராசர் நூற்றாண்டுக்கும், 2009இல் அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கும், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் ஐந்து ரூபாய் நாணயங்கள் வெளியாயின. பேருந்து நடத்துநர் தரும் மீதிச் சில்லறையில் இவற்றுள் ஒன்று கிடைக்கும் நாளில் ஏற்படும் மகிழ்ச்சிக்கு விலை கூற இயலாது. வடிவங்களை விரும்புவோர் அலைவிளிம்புடைய பத்துப் பைசாவையும், சதுர ஐந்து பைசாவையும், அறுகோண மூன்று பைசாவையும், தாமரை பொறித்த மஞ்சள்நிற இருபது பைசாவையும் தேடலாம்.

காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள்; அதன்மேல் படிந்த நிறம் அதன் வயது. விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெல்லிய காகித உறையில் வையுங்கள். ஒட்டும் தன்மையுடைய நெகிழி உறைகள் நாளடைவில் உலோகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். யார் கொடுத்தார், எந்த ஊரில் எந்நாளில் கொடுத்தார், கொடுக்கும்போது என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சந்தையில் அதே காசு ஆயிரம் கிடைக்கலாம். அச்சீட்டு உங்களிடம் மட்டுமே இருக்கும். வாய்ப்புக் கிடைக்கும்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குச் சென்று பாருங்கள். அங்குள்ளவை நம் அனைவருக்கும் சொந்தமானவை. அவற்றைப் பார்த்து மகிழ எவரும் செல்வராக இருக்க வேண்டியதில்லை.

பார்க்கத் தெரிந்தவர்

காசைப் பார்க்கும் பழக்கம் அன்றாட வாழ்விலும் துணைநிற்கும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்னும் வதந்தி தமிழகத்தின் பல ஊர்களில் நெடுநாள் உலவியது. ரூபாய்க் குறியீடு உள்ளது நல்லது, இல்லாதது போலி என்றெல்லாம் பேசினர். வணிகர் மறுத்தனர், மக்கள் இடர்ப்பட்டனர். வெவ்வேறு காலங்களில் வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் விளக்கம் அளித்தது. ரூபாய்க் குறியீடே 2010இல்தான் உருவானது. அதற்கு முன் அச்சிட்ட காசில் அது எப்படி இருக்கும்? ஆண்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவ்வதந்தியை ஒரு நொடியில் தீர்த்துவைத்திருப்பார்.

அந்த மாணவர் ஒரு மாதத்துக்குப்பின் மீண்டும் என்னிடம் வந்தார். காகிதப் பொட்டலத்துக்கு மாறாக ஒரு சிறு உறை அவர் கையில் இருந்தது. உறையின்மேல் தம் பாட்டியின் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதியிருந்தார். அவருடைய பெரிய அத்தையிடம் கேட்டு எழுதிய ஒரு வரியும் இருந்தது: சிறுமியாயிருந்தபோது நடவு வேலைக்குச் சென்று பெற்ற முதல் கூலியில் ஒன்றைப் பாட்டி செலவழிக்காமல் வைத்துக்கொண்டாராம்.

"விலை விசாரித்தாயா?" என்று கேட்டேன்.

"விசாரித்தேன் ஐயா. சில பத்து ரூபாய்தானாம்" என்று சிரித்தார். பிறகு அவ்வுறையை மடங்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் இல்லத்திலுள்ள பழைய நாணயம் ஒன்றின் ஆண்டு, உலோகம், வடிவம், சின்னம் ஆகியவற்றை உற்றுநோக்கி, வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்த செய்திகளோடு ஒரு சீட்டு எழுதுக.

2. 'தேவைக்காக விற்பதும் ஆசைக்காக விற்பதும் ஒன்றல்ல' – கட்டுரை ஆசிரியரின் பட்டறிவைக் கொண்டு இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பறையில் உரையாடுக.

3. உங்கள் வட்டாரப் பேச்சில் வழங்கும், காசு தொடர்பான சொற்களையும் தொடர்களையும் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.